ஜெயக்கொடி உயரம்

கம்மாக்கரைப்பட்டியில், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரை மணிவாக்கில், 'வனப்பு பியூட்டி பார்லர்' நடத்துகிற ஜெயக்கொடி, நாற்காலியில் சாய்ந்திருந்த புஷ்பகாந்தி டீச்சரின் வலது புருவத்தை முடித்துவிட்டு, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி இடது புருவத்துக்குக் குனிந்தபோது, தொண்டைக்குள் எதுவோ உறுத்தி, அடக்கியும் அடங்காமல் இருமல் வந்து, அந்த இருமலோடு அரிசிக் குறுணை அளவில் வெளிர்மஞ்சளாக ஒரு கல் தெறித்து, டீச்சரின் மூக்குக்கு ஒரு சாண் மேலே போய், கீழே விழாமல் அங்கேயே நின்றுகொண்டது.

இரண்டு பேருமே பெரிதாக ஆச்சரியப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. டீச்சருக்கு மறுநாள் அண்ணன் மகள் கல்யாணம், இடது புருவம் காடாகக் கிடந்தது. ஜெயக்கொடிக்கு அந்த வாரம் முழுக்க வந்த ஒரே ஆள் டீச்சர்தான்.

"என்னம்மா அது?" என்றார் டீச்சர்.

"தூசியா இருக்கும் டீச்சர்."

"தூசி இப்படி நிக்குமா?"

"நிக்குதே."

"சரி, நீ இதை முடி. எனக்கு மண்டபத்துக்கு நேரமாகுது."

ஜெயக்கொடி முடித்தாள். பிறகு அந்தக் கல்லை விரலால் தட்டிப் பார்த்தாள், கத்தரிக்கோலால் நெம்பினாள், கடைசியில் பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து கொறடு வாங்கிவந்து இழுத்தாள், கொறடுதான் வளைந்தது. டீச்சர் எழுந்திருக்கும்போது நெற்றியில் இடித்துக்கொண்டு, "அட சனியனே" என்று சொல்லி, புடவையைச் சரிசெய்ய இரண்டு கையும் வேண்டியிருந்ததால், தோளில் கிடந்த கைப்பையை அந்தக் கல்லில் மாட்டினார். பை தொங்கியது. மாட்டினதும் தொங்கினதும் அவருக்கு இயல்பாகவே பட்டிருக்க வேண்டும், போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் ஜெயக்கொடியைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்து அவளுக்கு மட்டும் தெரியாத விஷயம் அது. அவள் வாய் நாறும். சாதாரண நாற்றம் இல்லை. காலையில் பல் தேய்த்து, சீரகம் மென்று, கிராம்பு அடக்கி வந்தாலும், பத்து மணிக்குள் ஊசிப்போன முட்டையாக அது கிளம்பிவிடும். புருவம் எடுக்கிற வேலையோ, எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. அந்த வட்டாரத்தில் அவளைப் போல நூல் பிடிக்க ஆள் கிடையாது, வில்லாக வளைத்துவிடுவாள். ஆனால் வந்தவர்கள் கண்ணை மூடினார்கள், மூச்சைப் பிடித்தார்கள், கைக்குட்டையில் நீலகிரித் தைலம் நனைத்து வந்து "ஒத்தைத் தலைவலி மதினி" என்றார்கள், "இப்பல்லாம் நூலைக் கழுத்துல கட்டிக்கிட்டு எடுக்காங்களே, நீங்களும் அப்படி எடுக்கலாமே" என்றார்கள், பிறகு வராமலே போனார்கள். பல்லில் பிடித்தால்தான் நூல் சொன்ன பேச்சு கேட்கும் என்று ஜெயக்கொடி வீம்பாக இருந்தாள். மெயின் ரோட்டில் புதிதாக ஏசி போட்ட பார்லர் வந்ததுதான் காரணம் என்று நம்பி, அந்தப் பார்லர்க்காரியை மனதாரத் திட்டிக்கொண்டிருந்தாள். புஷ்பகாந்தி டீச்சர் மட்டும் தொடர்ந்து வந்தார் என்றால், அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு, மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான்.

வீட்டில் அவள் புருஷன் தவசிமுத்து, எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறவன், ஏழு வருஷமாகச் சுவரைப் பார்த்தே படுத்தான். "ஃபேன் காத்து இந்தப் பக்கந்தான் நல்லா வருது" என்பான். அந்த ஃபேன் அறைக்கு நட்டநடுவில் இருந்தது. தன்மேல் அவனுக்கு ஆசை விட்டுப்போயிற்று என்று ஜெயக்கொடி முடிவுகட்டி, அதற்காக அழுது தீர்த்தாள், அழுததையும் அவன் முதுகுக்குத்தான் காட்ட முடிந்தது.

அந்தத் தை வெள்ளிக்குப் பிறகு கற்கள் வந்துகொண்டே இருந்தன. பஸ் ஸ்டாப்பில் இருமினாள், ஒன்று நின்றது. ரேஷன் கடை வரிசையில் இருமினாள், ஒன்று நின்றது. மந்தையம்மன் கோயில் வாசலில், பால் பூத்தில், சந்தையில் கருவாட்டுக்காரி பக்கத்தில், ஒவ்வொன்றாக நின்றன. நின்றபடி இருமியதெல்லாம் தரையிலிருந்து நாலே முக்கால் அடியில் நின்றதால், ஊரில் 'ஜெயக்கொடி உயரம்' என்றே ஓர் அளவு உண்டாகிவிட்டது. கொத்தனார்கள் "ஜன்னலை ஜெயக்கொடிக்கு அரையடி மேல வையி" என்று சொல்லத் தொடங்கினார்கள். நெட்டையானவர்களுக்கு நெஞ்சில் இடித்தது, குட்டையானவர்களுக்கு நெற்றியில் இடித்தது, அதனால் பேரூராட்சியில் தீர்மானம் போட்டு ஒவ்வொரு கல்லிலும் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். கட்டிய ரிப்பனில் யாரோ குடையை மாட்டினார்கள். குடைக்குப் பக்கத்தில் ஒருவர் தூக்குவாளியை மாட்டினார். மாசி முடிவதற்குள் பள்ளிக்கூடத்துச் சுவர்க்கடிகாரம் கல்லில் தொங்கியது, கம்பவுண்டரின் குளுக்கோஸ் பாட்டில் கல்லில் தொங்கியது, மாரிக்கனி என்கிற பிள்ளைத்தாய்ச்சி பெற்றெடுத்த பிள்ளைக்குத் தொட்டில்கூடக் கல்லில்தான் தொங்கியது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் கல் அசையாது. சுவரும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், வெட்டவெளியில் ஒரு பொருளை மாட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாற்றம் இருந்தது. இல்லாமல் என்ன? ஒவ்வொரு கல்லும் நாறியது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள். சாக்கடை நாற்றம் என்று அவர்களாகவே பேசி முடிவுசெய்து, பதினோரு வருஷமாகத் தூர்வாராத சாக்கடையை வாரச்சொல்லிப் போராட்டம் நடத்தி, வாரவும் வைத்துவிட்டார்கள். சாக்கடை பளிச்சென்று ஆன பிறகும் நாற்றம் போகவில்லை என்றபோது, பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். கல் நாறுகிறது என்றுகூடச் சிலர் சொல்லத் துணிந்தார்கள். கல் எங்கிருந்து வந்ததோ அதுவும் நாறும் என்று ஒருவரும் சொல்லவில்லை, அதாவது ஜெயக்கொடியிடம் சொல்லவில்லை.

மாறாக, அவளைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டைக் கடைசி ஸ்டாப் வரை காலியாகவே விட்டுவைத்த அதே ஜனங்கள், வீட்டுக்கு வந்து வெற்றிலைபாக்கு வைத்து, "மதினி, புதுவீடு பால் காய்ச்சுறோம், நீங்க அவசியம் வரணும், இந்த மூலையில ஒரு கல்லு, அந்தச் சமையக்கட்டுல ஒரு கல்லு" என்று கேட்டார்கள். பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பால்கோவாவும் தயிரும் சாப்பிட்டு வாய் கொப்பளிக்காமல் இருந்தால் கல் சீக்கிரம் வருகிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, சாப்பிட்டதும் அவளிடம் தண்ணீர்ச் செம்பு கொடுக்காமல் இருப்பது ஒரு மரியாதையாகவே ஆனது. ஜெயக்கொடிக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். பல வருஷத்துக்குப் பிறகு மனிதர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பேசினார்கள், அது மரியாதைக்காக என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஒரு கல் இருந்தது. படுத்தபடி இருமியதில் வந்தது, இரண்டு தலையணைகளுக்கும் நடுவில், தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. தவசிமுத்து அதில் தன் துண்டை விரித்துப் போட்டான். "ஈரத்துண்டு, காயட்டும்" என்றான். துண்டு அவள் முகத்துக்கும் அவன் முதுகுக்கும் நடுவே திரையாகத் தொங்கியது. காய்ந்த பிறகும் அவன் அதை எடுக்கவில்லை. அந்தக் கல்லைப் பற்றி இருவருமே ஊருக்குச் சொல்லவில்லை.

பங்குனியில் தொண்டை வலிக்க ஆரம்பித்தது. எச்சில் விழுங்கினால் முள் குத்தியது, காதுவரை இழுத்தது. கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இருந்த சதைக் கட்டிகளில் ஒன்றில், வெள்ளையாக ஒரு கல் பாதி வெளியே தெரிந்தது. இழுத்துவிடலாம் என்று கொண்டை ஊசியை விட்டுக் குத்தினாள். கல் வரவில்லை, ரத்தம்தான் வந்தது, வாய் நிறைய வந்தது. பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினாள்.

காது மூக்குத் தொண்டை டாக்டர் ஃப்ளோரா, கண்ணாடி போட்ட குள்ளமான அம்மா, ஸ்டூலை முழங்கால் இடிக்கிற அளவுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று முதலில் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல், கைக்குட்டை எடுக்காமல், நேருக்கு நேராகக் கேட்டார்:

"வாய் ரொம்ப நாறுதேம்மா. எத்தனை வருஷமா இப்படி?"

ஜெயக்கொடி அழுதுவிட்டாள். அவமானத்தில் பாதி அழுதாள். மீதிப் பாதி என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. ஏசி பார்லர்க்காரி, தைலக் கைக்குட்டைகள், காலி சீட்டு, ஃபேன் காற்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்ணுக்கு முன்னால் வந்து, ஓஹோ இதுதானா என்று சொல்லிவிட்டுப் போயின. அவள் அழுது முடிகிறவரை டாக்டர் காத்திருந்தார்.

"இது டான்சில் கல்லு. தொண்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்குல்ல, அந்தச் சதைதான் டான்சில். அதுல குட்டிக் குட்டிக் குழி இருக்கும். சாப்பாட்டுத் துணுக்கு, செத்த தோலு, கிருமி எல்லாம் அதுல போய் அடைஞ்சு, நாளாக நாளாக இறுகிக் கல்லாயிருது. நிறையப் பேருக்கு வரும். புத்துநோயும் இல்ல, ஒட்டுற நோயும் இல்ல, யாரும் செஞ்ச சூனியமும் இல்ல. சாப்பிட்டு முடிச்சதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில தொண்டை வரைக்கும் கொப்பளிங்க. ரெண்டு வேளை பல்லு தேய்ங்க, நாக்கையும் வழிங்க. தண்ணி நல்லா குடிங்க. ஊசி, குச்சி எதையும் உள்ள விடாதீங்க, இன்னைக்குத் தப்பிச்சது உங்க நல்ல நேரம். இதுக்கப்புறமும் அடிக்கடி வந்து வலியும் காய்ச்சலுமா படுத்துச்சுன்னா, ஆபரேஷன் பண்ணலாமான்னு அப்ப யோசிப்போம்."

"அது காத்துல நிக்குதே டாக்டரம்மா?"

டாக்டர் பேனாவை மூடினார். "தொண்டையில நிக்கிறதுக்குத்தாம்மா நான் படிச்சிருக்கேன். காத்துல நிக்கிறதுக்கு வேற யாரையாச்சும் பாருங்க."

மறுநாள் காலையிலிருந்து ஜெயக்கொடி கொப்பளித்தாள். மூன்று வேளையும், தலையை அண்ணாந்து, தெருவே கேட்க, களகளவென்று கொப்பளித்துத் துப்பினாள். மூன்றாம் நாள் தெருவுக்கு விஷயம் தெரிந்தது, ஐந்தாம் நாள் ஊருக்குத் தெரிந்தது, எட்டாம் நாள் சேர்மன் கோட்டைச்சாமி, மண்டபத்து மேனேஜர், புஷ்பகாந்தி டீச்சர், இன்னும் பத்துப் பேர் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வைகாசியில் மந்தையம்மன் பொங்கல். அந்த வருஷம் கம்பம் நடாமல், கல்லிலிருந்து கல்லுக்கே சீரியல் பல்பு கட்டுவது என்று தவசிமுத்துவின் கடையில் ஆர்டரே கொடுத்தாகிவிட்டது. கோயிலுக்கும் தேரடிக்கும் நடுவில் ஒன்பது கல் குறைந்தது.

"பொங்கல் வரைக்குமாவது கொப்பளிக்காம இரும்மா," என்றார் சேர்மன். "ஊரு காரியம்."

"எனக்குத் தொண்டை வலிக்குதுண்ணே."

"ஒரு மாசந்தானே."

ஜெயக்கொடி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். வாசல்படியைத் தாண்டி ஒருவரும் உள்ளே வரவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. என் வாய் நாறுறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

சேர்மன் செருப்பைப் பார்த்தார். மேனேஜர் செல்போனை எடுத்து யாரும் கூப்பிடாமலே "ஹலோ" என்றார். டீச்சர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு மூக்கே கிடையாதும்மா, உனக்கே தெரியும். மத்தவங்கதான் ஸ்டாஃப் ரூம்ல, பஸ்ல எல்லாம் பேசிக்குவாங்க. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் யாரும்..." என்று இழுத்தார்.

"எத்தனை வருஷமா பேசிக்கிறாங்க?"

"அது ஒரு ஆறேழு வருஷமா இருக்கும்."

ஜெயக்கொடி திரும்பி, கதவோரம் நின்ற புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

தவசிமுத்து மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தான். "காத்து அந்தப் பக்கந்தான..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டான்.

தெரியாதவர்கள் பேசாமல் இருந்தால் பரவாயில்லை, தெரிந்துகொண்டே ஏழு வருஷம் முதுகைக் காட்டினவனை என்ன செய்ய? ஆனாலும் ஒரு பயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கல் நின்றுபோனால் வெற்றிலைபாக்கு நிற்கும், முதல் பந்தி நிற்கும், மறுபடியும் அவளும் அந்தக் காலி சீட்டும்தான். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு உள்ளே போய், அடுப்பிலிருந்த வெந்நீரை இறக்கி, உப்பைப் போட்டுக் கலக்கி, அவர்கள் முன்னாலேயே வாசலில் நின்று அண்ணாந்து கொப்பளித்தாள். "டாக்டரம்மா சொல்லிருக்காங்க. உப்புத் தண்ணி பட்டா நாத்தம் போயிரும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வந்தவர்கள் கோபமாகத்தான் திரும்பினார்கள். ஆனால் கோட்டைச்சாமி எந்தப் பேச்சிலும் ஊருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிற மனிதர். அவர் காதில் 'உப்புத் தண்ணி, நாத்தம் போயிரும்' என்பது மட்டும் விழுந்திருந்தது. பொங்கலுக்கு வெளியூர் விருந்தாளிகள் வருவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடுவார்கள், ஊர் மானம் போகும் என்று அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கவலை. புதுக் கல் இல்லாவிட்டால் போகிறது, இருக்கிற நாற்பத்து மூன்று கல்லையும் மணக்க வைத்துவிடலாமே என்று கூட்டம் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தொண்டைக்கு டாக்டர் சொன்ன வைத்தியத்தைக் கல்லுக்குச் செய்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொங்கல் அன்று காலை எட்டு மணிக்கு, பருத்திக்கு மருந்தடிக்கிற டேங்குகளைக் கழுவி, அதில் வெதுவெதுவென்று உப்புத் தண்ணீர் நிரப்பி, நாற்பத்து மூன்று கல்லுக்கும் நாற்பத்து மூன்று பேர் முதுகில் டேங்கோடு நின்றார்கள். மேளம் கொட்டியது. சேர்மன் கையசைத்தார். ஒரே நேரத்தில் அடித்தார்கள்.

ஒரே நேரத்தில் விழுந்தன. பள்ளிக்கூடத்துக் கடிகாரம் விழுந்தது, குளுக்கோஸ் பாட்டில்கள் விழுந்தன, குடைகளும் தூக்குவாளிகளும் விழுந்தன, தெரு நீளத்துக்குக் கட்டியிருந்த சீரியல் பல்புகள் சரசரவென்று சரிந்தன, கோட்டைச்சாமி கும்பிட்டபடி சிரிக்கிற முப்பதடி ஃபிளெக்ஸ் பேனர் கும்பிட்டபடியே கோட்டைச்சாமியின் மேல் விழுந்தது. மாரிக்கனி சாமி பார்க்கப் பிள்ளையை இடுப்பில் எடுத்து வந்திருந்ததால் தொட்டில் வெறும் தொட்டிலாக விழுந்தது. ஒருவருக்கும் அடியில்லை. விழுந்த கற்கள் மண்ணில் மண்ணாகிப் போயின, தேடியும் கிடைக்கவில்லை. பேனருக்கடியிலிருந்து வெளியே வந்த சேர்மன் முதலில் சொன்னது, "அப்பவே சொன்னேன், அவ கொப்பளிச்சிருக்கக் கூடாது," என்பதுதான்.

பத்து நாளைக்கு ஜெயக்கொடியிடம் ஒருவரும் பேசவில்லை. அவளுக்கு அது வலிக்கத்தான் செய்தது, தொண்டை வலிக்காததால் இந்த வலி தெளிவாகத் தெரிந்தது. கல் வரவில்லை, எச்சில் முள்ளாகக் குத்தவில்லை. பதினோராம் நாள் காலையில் புஷ்பகாந்தி டீச்சர் வந்தார், கூடவே, நாற்றம் போயிற்றா என்று பார்க்க, ஸ்டாஃப் ரூமிலிருந்து இன்னொரு டீச்சர் வந்திருந்தாள். அவள் நாற்காலியில் சாய்ந்து, வழக்கப்படி மூச்சைப் பிடித்தாள், பிடித்தாள், முடியாமல் விட்டாள், இழுத்தாள். கண்ணைத் திறந்து ஜெயக்கொடியைப் பார்த்தாள். "பல்லுலயே பிடிச்சு எடுங்கக்கா," என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் தவசிமுத்து சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்தான். ஊரில் மிச்சமிருந்த ஒரே கல் தலையணைகளுக்கு நடுவில் துண்டோடு நின்றது. ஜெயக்கொடி ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து, விரலில் தொட்டு அதன்மேல் தடவினாள். கல் விழுந்தது, துண்டும் விழுந்தது. அவள் அவன் பக்கத்தில் படுத்தாள்.

"திரும்புங்க."

அவன் அசையவில்லை.

"நாறல. நாறுனா திரும்பிக்கோங்க. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்புறதுல கழுத்து ஒடிஞ்சுறாது."

அவன் மெதுவாகத் திரும்பினான். கண்ணை இறுக்க மூடியிருந்தான், மூச்சைப் பிடித்திருந்தான், பழக்கம் அப்படி. அவள் அவன் முகத்தில் ஊதினாள். அவன் முகம் சிவந்துகொண்டே போனது.

"மூச்ச விடுங்க. செத்துக்கித்துப் போயிறாதீங்க."

விட்டான். ஒரே மூச்சாக, ஏழு வருஷத்தையும் சேர்த்து, அவள் முகத்துக்கு நேராக விட்டான். புகையிலையும், வெங்காயமும், அதற்கெல்லாம் அடியில் அவளுக்கு இப்போது நன்றாக அடையாளம் தெரிந்த அந்த ஊசிப்போன முட்டையும். ஏழு வருஷமாக அந்தச் சுவருக்கு மட்டும் தெரிந்திருந்த வாடை.

கண்ணைத் திறந்த தவசிமுத்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்தான். "போயிருச்சு ஜெயா," என்றான். "நெசமாவே போயிருச்சு." அவன் கண் கலங்கியிருந்தது. "சொல்லிருக்கணும். நீ அழுவியேன்னுதான் சொல்லல."

அந்த நேரத்தில் அவளுக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஃபேன் காற்று இந்தப் பக்கம் நன்றாக வருகிறது என்று சொல்லலாம். ஊர் முழுக்க அவளுக்குச் செய்த மரியாதையை அவளும் ஒருத்தருக்குச் செய்யலாம், சுலபமான காரியம்தான். கலங்கின கண்ணோடு அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உங்க வாய் நாறுது," என்றாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு கையால் மறைத்துக்கொண்டு கேட்டான்: "எத்தனை வருஷமா?"

"எனக்கெப்படித் தெரியும்? சுவத்தக் கேளுங்க."

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வெந்நீரில் உப்பைக் கலக்கி இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒன்றை அவனிடம் கொடுத்தாள். அவனுக்குக் கொப்பளிக்கத் தெரியவில்லை. தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது, பாதியை விழுங்கினான், புரையேறியது. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்து பார்த்தார்கள். ஜெயக்கொடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்கிறவர்களின் முகத்தைப் பிடிப்பதுபோல அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "இன்னும் கொஞ்சம் அண்ணாந்துக்கோங்க," என்றாள், தன் முகத்தை அங்கிருந்து எடுக்காமல்.